டாயில் திறந்து வைத்த கத்தி

எங்கள் சமையலறை அலமாரியில், உப்பு டப்பாவுக்கும் ரேடியோவுக்கும் நடுவில், ஒரு மடக்குக் கத்தி எட்டு வருஷம் திறந்தபடியே கிடந்தது. தூசு துடைக்கும்போது அதைச் சுற்றித்தான் துடைப்பேன். ஒருதரம் விரலைக் கீறி ரத்தம் கொட்டியது. அப்போதும் என் கணவன் வெர்லின் என் விரலைப் பார்ப்பதற்கு முன்னால் கத்தியைத்தான் பார்த்தான், எங்கே மூடித் தொலைத்துவிட்டேனோ என்று.

ஒருத்தர் திறந்த கத்தியை இன்னொருத்தர் மூடக் கூடாது. மூடினால் திறந்தவருக்கு ஆகாது. டென்னஸியின் இந்த மலைப்பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். திறந்தபடி கையில் கொடுத்தால் பார்த்துவிட்டுத் திறந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அலமாரியில் கிடந்த கத்தியைத் திறந்தவன் வெர்லினின் தம்பி டாயில். திறந்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனவன், அதன் பிறகு எங்கள் படி ஏறவில்லை.

வெர்லினுக்குக் கத்திப் பைத்தியம். படுக்கையறையில் என் துணிக்கு இரண்டு இழுப்பறை. அவன் கத்திகளுக்கு ஒரு முழு பீரோ. அத்தனையும் மடக்குக் கத்தி, அத்தனையும் அமெரிக்காவில் செய்தது. அலகின் அடியில் ஊர்ப்பெயர் பொறித்திருக்கும். அதை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் ஒன்றையும் வாங்க மாட்டான். காலையில் எதைப் பேன்ட் பையில் போட்டுக்கொள்வது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் நான் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்துவிடுவேன். வைக்கோல் கட்டு அவிழ்க்கப் போகிறான் என்றால் நீள அலகு, திறந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். சர்ச்சுக்கு மான்கொம்புப் பிடி போட்ட சின்னது. மழை நாள் என்றால் துருப்பிடிக்காத எஃகு. கூர் பார்க்கிறேன் என்று முடியை வழித்து வழித்து அவன் இடது முன்கை குழந்தையின் கை மாதிரி மொழுமொழுவென்று இருக்கும்.

அயல்நாட்டுக் கத்தி என்றால் தொடமாட்டான். அவன் போட்டிருக்கும் ஜட்டி வியட்நாமில் தைத்தது. துவைக்கிறவள் நான், எனக்குத் தெரியும். நான் உருளைக்கிழங்கு நறுக்குகிற கத்தி மலிவுக்கடையில் வாங்கிய சீனத்துச் சரக்கு. அதற்கு ஒருநாளும் அவன் சாணை பிடித்துக் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை காலையில் அவன் கூட்டாளிகள் வருவார்கள். ஹோயட், பஸ்டர், தீவனக்கடை லைல். நான் சுடச்சுட பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் கிரேவியும் வைக்க வேண்டும். உட்கார்ந்ததும் ஹோயட் கேட்பான், "சரி, இன்னிக்கு யார் பையில என்ன?" கேட்டதும் அவனவன் அன்றைக்குச் சுமக்கிற கத்தியை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். அதுதான் அவர்களுடைய சட்டம். பையில் இருப்பதை மறைக்கிறவன் மனுஷனே இல்லை என்பான் வெர்லின்.

டாயில் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. மாவட்டத்துக்கு ரோடு போடுகிற வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கத்தி என்றால் கயிறு அறுக்க, ஆப்பிள் சீவ, அவ்வளவுதான் அவனுக்கு. பெண்டாட்டி விட்டுப் போய் வெகுகாலம். எட்டு வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவன் ஒரே மகள் ஷெல்பி, பனியில் கார் வழுக்கிச் செத்துப்போனாள். அதன் பிறகு அவன் வீட்டைவிட்டு வெளியே வருவதே அபூர்வமாகிவிட்டது. நான்தான் போன் பண்ணி, சனிக்கிழமை வா, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடு என்று கூப்பிட்டேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அன்றைக்கும் ஹோயட் கேட்டான். எல்லோரும் வைத்தார்கள். டாயிலும் பையில் கைவிட்டு, கறுப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட ஒன்றை எடுத்து வைத்தான்.

"என்னடா கருமம் இது?" என்றான் வெர்லின்.

"கத்தி."

"இதுவா? சீனாக்காரன் தகரத்த வளச்சுக் குடுத்திருக்கான், நீயும் பையில போட்டுட்டுத் திரியிற. அப்பா இருந்திருந்தா உன்னைச் சோத்துக்கே உக்கார விட்டிருக்க மாட்டாரு."

"நல்லாத்தான் அறுக்குது அண்ணே."

"அறுக்கும்டா. தாங்குமா? இங்க பாரு."

என் ரொட்டிப் பலகையில் நுனியைக் குத்தி ஒரு நெம்பு நெம்பினான். பட்டென்று ஒடிந்து நுனி எங்கேயோ தெறித்தது. பஸ்டர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். டாயிலைத் தவிர மற்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் புன்னகைத்திருப்பேன், சத்தியம் பண்ண மாட்டேன்.

பிறகு வெர்லின் உள்ளே போய் பீரோவிலிருந்து ஒன்றை எடுத்து வந்தான். பழுப்பு எலும்புப் பிடி, தேன்நிறத்தில் மினுங்கும். அவனிடம் இருந்ததிலேயே நல்லது அதுதான், நானே பார்த்திருக்கிறேன், விலைக்குக் கேட்டவர்களைத் துரத்தி அடித்திருக்கிறான். "இந்தா. இனிமேலாவது மனுஷன் மாதிரி ஒண்ணை வச்சுக்க" என்று தம்பி கையில் திணித்தான். கெட்ட எண்ணம் கிடையாது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது. தான் ஏதோ வாரி வழங்கிவிட்ட மாதிரி முகம் முழுக்கப் பூரிப்பு.

டாயில் அதைத் திறந்தான். பார்த்தானா என்று தெரியவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்து, ஒடிந்ததை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டான். "காபி நல்லா இருந்துச்சு அண்ணி" என்று மட்டும் சொன்னான்.

எட்டு வருஷம். இருவரும் போனைத் தொடவில்லை. நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "அவ்வளவு ஒசத்தியானதக் குடுத்தேன், தூக்கி எறிஞ்சிட்டுப் போனான். அவன் தொறந்தது. அவனே வந்து மூடட்டும்" என்பான் வெர்லின். ஆனால் ராத்திரி விளக்கணைக்கும்போது அந்த அலமாரிப் பக்கம் ஒரு பார்வை போகும். தம்பி வரவேண்டும் என்று அந்த மனுஷனுக்கு ஏக்கம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

இந்த மார்ச் மாதம் டாயிலின் பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணினாள். நுரையீரல் போய்விட்டது, ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள், சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதென்றால் இன்றைக்கே வந்து பார்க்கட்டும் என்று டாக்டர் சொன்னாராம். வெர்லின் எழுந்தான். அலமாரியிலிருந்து கத்தியை எடுத்து, திறந்தபடியே என் சமையலறைத் துண்டில் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

ஆஸ்பத்திரி வாசலில் உலோகம் சோதிக்கிற வளையம். அது அலறியது. காவலுக்கு நின்ற பெண் துண்டைப் பிரிக்கச் சொல்லி, பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனாள்.

"சார், மடக்குங்க. மடக்கி உங்க வண்டியில வச்சிட்டு வாங்க."

"மடக்க முடியாதும்மா."

"கெட்டுப்போச்சா?"

"இல்ல. என் தம்பி தொறந்தது. அவன் மேல் மாடியில படுத்திருக்கான். அவன்தான் மடக்கணும்."

அவளும் இந்த மலைக்காரிதான் போல. சிரிக்கவில்லை. "எங்க வீட்டுலயும் அப்படித்தான் சார். ஆனா தொறந்த கத்தியோட உள்ள விட்டா என் வேலை போயிடும். தொறந்தபடியே வண்டியில வைங்க. யாரும் தொடமாட்டாங்க."

அதைவிட நியாயமாக யாரும் சொல்ல முடியாது. இவன் அசையவில்லை. பெரிய டாக்டரைக் கூப்பிடு என்றான். அதிகாரியைக் கூப்பிடு என்றான். பின்னால் வரிசை சேர்ந்தது. நான் அவன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"வெர்லின், அதை வண்டியில போட்டுட்டு வா. உன் தம்பியப் பாக்கத்தானே வந்தோம்?"

அவன் குரல் இறங்கிப்போனது. "வெறுங்கையோட போய் அவன்கிட்ட என்னத்த பேசறது நடீன்?"

அறுபத்தாறு வயது ஆளுக்குத் தம்பியிடம் பேச ஒரு வார்த்தை இல்லை. அழுகையும் வந்தது, அறையலாம் போலவும் வந்தது. அவனை விட்டுவிட்டு நான் மேலே போனேன்.

டாயில் பாதியாகிக் கிடந்தான். மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் கையைத் தூக்கப் பார்த்தான்.

"அண்ணன் வரலியா அண்ணி?"

"கீழ நிக்கிறான். கத்தியோட விடமாட்டேங்கறாங்க."

"எந்தக் கத்தி?"

"அன்னிக்கு உனக்குக் குடுத்தானே, நீ தொறந்து வச்சிட்டுப் போனியே. இன்னும் மூடல. நீ வந்து மூடணும்னு எட்டு வருஷமா வச்சிருக்கான்."

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "ஏதோ கையில குடுத்தான். தொறந்தேனா? ஞாபகமில்ல அண்ணி. நான் அந்த ஒடிஞ்ச நுனியத் தேடிட்டிருந்தேன் தரையில. கெடைக்கல." மூச்சு வாங்கினான். "ஷெல்பி வாங்கிக் குடுத்தது. கடையில சாமானப் பையில போட்டுக் குடுக்கற வேலைக்குப் போனாளே, மொத சம்பளத்துல."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "ஏண்டா அன்னிக்கே சொல்லல?" என்றேன்.

"எல்லாரும் சிரிச்சிட்டிருந்தாங்க. அந்த நேரத்துல அவ பேரச் சொல்ல மனசு வரல." கண்ணை மூடித் திறந்தான். "அவன வரச் சொல்லு. கத்தியெல்லாம் ஒண்ணும் வேணாம். சும்மா வரச் சொல்லு."

நான் ஓடினேன். என் முழங்கால் வலிக்கு அது ஓட்டம்தான். வெர்லின் வண்டியில் உட்கார்ந்திருந்தான், தொடைமேல் துண்டு, துண்டின்மேல் கத்தி. ஷெல்பி வாங்கிக் கொடுத்தது என்பதைச் சொன்னேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வா என்றேன். வரச் சொன்னான் என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "எந்த மூஞ்சிய வச்சிட்டு அவன் முன்னால போய் நிப்பேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நான் கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் கத்தியை சீட்டின்மேல் திறந்தபடியே வைத்துவிட்டு இறங்கினான்.

நாங்கள் மேலே போனபோது டாயிலுக்கு மூச்சு முட்டி, ஊசி போட்டு, முகத்தில் ஆக்சிஜன் மூடி மாட்டிவிட்டார்கள். வெர்லின் கட்டிலோரம் உட்கார்ந்து, "டாயில், நான்டா, அண்ணன்டா" என்றான். மூடியில் மூச்சு படிந்து படிந்து மறைந்தது. அவன் கண்ணைத் திறக்கவேயில்லை. மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தான்.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தாள். மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி, கறுப்புப் பிடி போட்ட கத்தி. ஆம்புலன்ஸில் வருகிறவனிடம் வாசலில் யார் சோதிக்கிறார்கள்? வெர்லின் அதைத் திறந்தான். ஒடிந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புது நுனி வைத்திருந்தான் டாயில். குட்டையாக, ஆனால் அப்படி ஒரு கூர். பிடியில் பிளாஸ்டிக் தேய்ந்து விரல் பதிகிற இடம் வழவழவென்றிருந்தது. தினமும் பையில் இருந்திருக்கிறது. வெர்லின் மடக்கித் தன் இடது பையில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அது அங்கேதான். பேன்ட் துவைக்கிறவள் நான், எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்த சனிக்கிழமை கூட்டாளிகள் வந்தார்கள். லைல் பன்றித்தொடை வாட்டிக் கொண்டுவந்திருந்தான். எல்லோரும் டாயிலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள்.  பிறகு ஹோயட், பழக்கதோஷம், தணிந்த குரலில் கேட்டான், "சரி, இன்னிக்கு யார் பையில என்ன?"

வைத்தார்கள். வெர்லினின் கை இடது பைக்குள் போனது. நான் அடுப்பிலிருந்து திரும்பி நின்றுவிட்டேன். வையடா, இப்போதாவது வையடா என்று மனசுக்குள் கத்தினேன். இவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், ஷெல்பி பெயரைச் சொல், நீ செய்ததைச் சொல். கை அங்கேயே நின்றது. பிறகு வெறுமனே வெளியே வந்து, வலது பைக்குள் போய், மான்கொம்புப் பிடிக் கத்தியை எடுத்து வைத்தது.

"அழகான உருப்படி" என்றான் ஹோயட்.

நான் அலமாரிக்குப் போனேன். வண்டியிலிருந்து திரும்பி வந்து பழையபடி அங்கே கிடந்தது அந்த எலும்புப் பிடிக் கத்தி. எடுத்து அவர்கள் கண்ணெதிரே மூடினேன். சின்னச் சத்தம்தான்.

பஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "நடீன், அது டாயில் மூட வேண்டியது."

"டாயிலுக்கு இனிமே என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்டுவிட்டு என் கணவனைப் பார்த்தேன். "வெர்லின், அந்தப் பையில இருக்கறதையும் எடுத்து வையி."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் காபியை ஒரு வாய் குடித்தான்.

"அதுல சாவிக்கொத்துதான்" என்றான்.

சாவிக்கொத்து அவன் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.  ஆனால் முறைத்தது கத்தியை மூடிய என்னைத்தான்.