வெளியாள் ஒருவர்

"நான் அவர் தலைமாட்டுல உட்கார்ந்துக்கிட்டுத்தான் பேசறேன்," என்றாள் மகள், போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றியபடி. "இதுக்கு மேல என்ன உறுதி வேணும் உனக்கு?"

பத்திரிகை ஆபீஸில் போனை எடுத்த துணை ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. சார் போட்ட விதி. சாவுச் செய்தின்னா வீட்டு ஆளு சொன்னா மட்டும் போதாது. வெளியாள் ஒருத்தர் நேர்ல பார்த்துட்டுச் சொல்லணும். மீறினா சார் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு."

"அவர் பண்ற நிலைமையில இருந்தா இந்தச் செய்தியையே போட வேண்டாமேப்பா!"

"சாயங்காலம் பக்கத்தை முடிச்சுடுவோம்க்கா, அதுக்குள்ள யாராவது சொல்லணும்," என்று துணை ஆசிரியர் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

கூடத்தில் இஸ்திரி கலையாத சட்டையோடு படுத்திருந்தார் அப்பா. சாக்கடை அடைப்பு முதல் நகராட்சி அடிதடி வரை ஒரே உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதித் தள்ளியவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'திருத்தம்'. கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள் வாசலிலேயே நீட்டிவிட்டு ஓட்டம் பிடிப்பார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தால் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். நேற்று ஆஸ்பத்திரியில் அவர் கையசைத்துக் கூப்பிட்டபோது, ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறார் என்று அம்மா காதைக் கிட்டே கொண்டுபோனாள். எதிர்ச் சுவரில் 'அமைதிக் காக்கவும்' என்று எழுதியிருந்தது. "நடுவுல அந்த 'க்'கை எடுக்கச் சொல்லு," என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

"ஊர்ல எத்தனை பேரோட சாவை எழுதினாரு," என்றாள் அம்மா. "அவரோடது நாளைக்கு வரலைன்னா எனக்கு மனசு ஆறாதுடி."

ஆஸ்பத்திரிக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள். வெளியாள் என்று இருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் போனை நீட்டியதும் அவர் பதறிப்போனார். "ஐயோ, வேண்டாம்மா. ஆபீஸுக்குக் காய்ச்சல்னு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். என் பேரு பேப்பர்ல வந்துட்டா?"

இந்தப் பாழாய்ப்போன விதி முளைத்ததே அப்பாவின் அவசரத்தால்தான். கடைத்தெருத் தையல்காரர் ஒருமுறை நோயில் படுத்திருந்தார். எப்படி இருக்கிறார் என்று கேட்க அவர் வீட்டுக்குப் போன் போட்டார் அப்பா. எடுத்தது மைத்துனர். "மாமா போயிட்டாருங்க," என்றார். உடம்பு தேறிப் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார் மாமா. மறுநாள் முறுக்கிய மீசையும் சிரிப்புமாகத் தையல்காரர் படம் நாலாம் பக்கத்தில் வந்தது. அதற்கு அடுத்த நாள், 'காலமானதாகக் குறிப்பிடப்பட்டவர் நலமாக இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்' என்று அப்பா கைப்பட எழுதினார். சண்டை போட வந்த தையல்காரர் காபி குடித்துவிட்டுப் போனார். அன்று முதல் தினமும் காலையில் பேப்பரோடு வந்து, அதில் இருக்கும் பிழைகளை அப்பாவிடம் காட்டிக் காட்டி வம்பு வளர்ப்பது அவர் வழக்கமாகிவிட்டது. "செத்தவனுக்கு வேற என்ன வேலை?" என்பார்.

அந்தத் தையல்காரர்தான் இப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விஷயத்தைக் கேட்டவர் அப்பாவின் அருகே போனார். நெற்றியைத் தொட்டார். ஒரு பக்கம் மடங்கியிருந்த காலரைச் சரிசெய்தார். பிறகு போனை வாங்கிக்கொண்டார்.

"பார்த்துட்டேன்ப்பா. தொட்டும் பார்த்துட்டேன். போயிட்டாரு." சற்று நிறுத்தினார். "ஊருக்கெல்லாம் இல்லப்பா. செத்தே போயிட்டாரு."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள்.

"நான் யாரா? உங்க பேப்பர்லயே செத்தவன்யா! சந்தேகமா இருந்தா பழைய பேப்பர்ல என் படம் இருக்கும், எடுத்து வெச்சுப் பாரு!"

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் உதடு கோணிக்கொண்டது. அதுவரை ஓடியாடி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்த மகள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை பேப்பர் வந்தது. 'மூத்த நிருபர் காலமானார்.' அப்பா பெயர் சரி, வயது சரி, ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லை. மேலே முறுக்கிய மீசையோடு தையல்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவிகளா!" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அழுது வீங்கிய முகத்தோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தையல்காரர் பேப்பரைத் தூக்கிப் பிடித்தபடி நேராக அப்பாவின் ஜன்னலோர நாற்காலிக்குப் போனார். "பார்த்தீங்களாய்யா, மறுபடியும் என்னைக் கொன்..."

நாற்காலி காலியாக இருந்தது. அவர் பேப்பரை மெதுவாக மடித்துக்கொண்டார். "திருத்தம் போடணுமே, யாரு எழுதறது?" என்றார், யாரையும் பார்க்காமல்.

மகள் அப்பாவின் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அவர் எழுதி வாசிக்கக் கேட்டே வளர்ந்தவள். முதல் வரி தானாக வந்தது. 'நேற்றைய செய்தியுடன் வெளியான படத்தில் இருப்பவர் நலமாக இருக்கிறார்.' இரண்டாவது வரிக்குக் கை ஓடவில்லை.

"படிடி," என்றாள் அம்மா.

அவள் எழுதி முடித்துவிட்டுப் படித்தாள். "படம் மட்டுமே தவறு. செய்தியில் தவறில்லை."

"செய்தியும் தப்பா இருந்திருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

நாற்காலி மெத்தையின் ஓரத்தில் தையல் விட்டு ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரர் குனிந்து, சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்தார்.