ஆடிக் கடைசியில் ஒரு விசாரணை

ஆனி முடிவதற்குள் காஞ்சிபுரம் கோர்ட் காலி செய்துகொண்டு ரயிலடிப் பக்கம் கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. மேஜை, நாற்காலி, பீரோ, டவாலி சேவகன் உட்காரும் முக்காலி வரை மாட்டு வண்டியில் ஏறிப் போயின. பழைய கட்டடத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் புதிதாக ஏற்பட்ட கால்வாய் போர்டுக்கு மாற்றி சர்க்கார் உத்தரவு போட்டது. எந்த ஊர் வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று விசாரித்து முடிவு செய்வதுதான் போர்டின் வேலை. அதற்குப் பிரசிடெண்டு மாகறல் மிராசுதார் பரசுராமன்.

சாவியை அன்றைக்கே வாங்கியிருக்கலாம். பரசுராமன் வாங்கவில்லை.

"ஆடியில எவனாவது புது வூட்டுக்குக் குடி போவானா? ஆவணி பொறக்கட்டும். பால் காய்ச்சிட்டு உள்ள போவலாம்" என்றார். போர்டு மெம்பர்கள் அத்தனை பேரும் விவசாயக் குடும்பத்துக்காரர்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கட்டடம் ஆடி முழுக்கப் பூட்டிக் கிடந்தது.

இதற்காகத்தான் தாரா காத்திருந்தாள்.

அந்தக் கட்டடம் அவளுடைய அம்மாவைப் பெற்ற பாட்டன் அனந்தராஜ நயினாரின் வீடு. கோர்ட் நடத்த இடமில்லாமல் சர்க்கார் திண்டாடிய காலத்தில் அவர் அதைத் தானமாகக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஒரு நிபந்தனையும் போட்டார். கோடை விடுமுறை நீங்கலாக, ஒரு தமிழ் மாதம் பிறந்ததிலிருந்து முடியும்வரை அங்கே நியாய விசாரணை நடக்காமல் போனால் வீடு தன் மகள் வழிக்குத் திரும்பிவிட வேண்டும். அதைக் கல்லில் வெட்டி வாசல் சுவரில் பதிக்கச் செய்தார். வருஷா வருஷம் வெள்ளையடித்ததில் கல்லும் எழுத்தும் சுவருக்குள் மறைந்துவிட்டன. கோர்ட் ஆட்களுக்கு அப்படி ஒரு கல் இருப்பதே தெரியாது. தாராவுக்குத் தெரியும். அம்மா சாகும்வரை அந்த வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாத தாராவுக்கு அது மனப்பாடம்.

மகள் வழியில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். புருஷன் செத்து வெகு காலமாயிற்று. பிள்ளை இல்லை. திருப்பருத்திக்குன்றத்தில் புருஷனின் அண்ணன் சக்ரவர்த்தி நயினார் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றால், மாடு கறந்தாள், சாணி அள்ளினாள், நெல் குத்தினாள், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சார்ப்பில் படுத்தாள். அந்தச் சார்ப்புக்குக் கதவு கிடையாது. இந்தக் கட்டடத்துக்குப் பதினோரு கதவுகள். முன்கூடத்தைப் பட்டு வியாபாரி ஒருவருக்குக் கிடங்காக விடுவதாக அவள் ஏற்கனவே பேசி வைத்திருந்தாள். பின்கட்டில் தான் இருந்துகொள்வாள். ஆவணி பிறந்த பிறகு அந்த மாடுகளின் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

காலையில் மாட்டு வேலை முடிந்ததும் ஆற்றைக் கடந்து வருவாள். கட்டடத்தின் வாசற்படியில் உட்காருவாள். யாரும் உள்ளே போகிறார்களா என்று பார்ப்பாள். யாரும் போகவில்லை.

அங்கே இன்னொருவனும் இருந்தான். மனு எழுதும் நமச்சிவாயம். புதுக் கோர்ட்டு வராந்தாவில் இளவட்டங்கள் இடம் பிடித்துவிட்டதால் இவன் பழைய வராந்தாவிலேயே சாய்வுப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். வழி தெரியாமல் வரும் நாட்டுப்புறத்துக்காரர்கள் அவனிடம் மாட்டுவார்கள். அவர்கள் முன்னால் தாராவைச் சீண்டுவது அவனுக்குப் பொழுதுபோக்கு.

"இன்னாம்மா, கோர்ட்டே ஓடிப் போயிட்டுது. நீ யாருக்கு வாசல் காத்துக்கினு இருக்கிற?"

"என் வூட்டுக்குக் காத்துக்கினு இருக்கிறேன். உனுக்கு இன்னா?"

"உன் வூடா? அப்ப உள்ள தொங்கிக்கினு இருக்குதே வவ்வாலு, அதெல்லாம் உன் மாமன் மச்சானா?"

"ஆவணி பொறந்ததும் உன் பொட்டியத் தூக்கித் தெருவுல எறியப் போறேன். அப்பச் சிரி."

"எறிம்மா எறி. அதுக்கும் நானே மனு எழுதித் தரேன். உனுக்குன்னா காசு வேணாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆடி நெடுக இதே கதைதான். அவள் பொறுத்திருந்தாள். மாதம் முடிய இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. அந்தச் சில நாட்களும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வீடு அவளுடையது. அவளால் முடியவில்லை. சிரித்தவன் முகம் செத்துப்போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் எழுந்தாள். உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றை எடுத்து வாசல் சுவரைச் சுரண்டினாள். சுண்ணாம்பு அடுக்கடுக்காக உதிர்ந்தது. விரலில் ரத்தம் வந்தது. விடவில்லை. கல் தெரிந்தது, பிறகு எழுத்து தெரிந்தது.

"நீதான் படிச்சவனாச்சே. வா. சத்தமா படி."

நமச்சிவாயம் சிரித்துக்கொண்டே வந்து படித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. மீதியை வாய்க்குள் படித்தான்.

"இந்த ஆடியில இங்க எவனாவது விசாரணை பண்ணானா? சொல்லு. நீ கூடத்தானே ஒக்காந்துக்கினு இருந்த?"

அந்த முகத்தை அவள் ஆசைதீரப் பார்த்தாள். பிறகு காலால் அவன் பெட்டியை ஒரு தள்ளு தள்ளினாள். மசிக்கூடு உருண்டு அவன் வேட்டியில் கொட்டியது.

அவன் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, மசிக் கறையோடு நேராகச் சின்ன காஞ்சிபுரம் போனான். போர்டு வக்கீல் அழகியமணவாளய்யங்கார் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். வக்கீல் வந்து கல்லைப் பார்த்தார். மறுநாள் பரசுராமனைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஆடியிலே குடி போகப்படாதுன்னேளே பிரசிடெண்டுவாள், இப்ப குடியே போக முடியாது போலிருக்கே."

பரசுராமனுக்கு விஷயம் புரியச் சற்று நேரமாயிற்று. "ஒரு கைம்பொண்டாட்டிக்கு வுட்டுக்குடுத்துட்டுப் போவறதா? ஊர்ல தலை காட்ட முடியாதுங்க சாமி. நான்தான் ஆடி வேணாம்னேன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"ஆடி இன்னும் முடியலையே. ஆவணியிலேர்ந்து போர்டே இங்கே தண்ணி வழக்கு விசாரிக்கும். ஆடிக்கு ஒரு விசாரணை நடந்தா போதும். எந்தக் கோர்ட்னு கல்லுலே இல்லே. சத்திரத்துக் கூடத்துலே ஊர்ப் பெரியவா உக்காந்து சின்னக் கேஸ் விசாரிப்பாளே ஆனரரி பெஞ்சு, அதை ஒரு நாள் இங்கே உக்காரச் சொன்னா ஆச்சு."

"யாரை வெச்சி விசாரிக்கிறது? குத்தவாளி வேணுமே?"

"அவதான் இருக்காளே. சர்க்கார் சுவரைச் சுரண்டியிருக்கா. சாட்சி நமச்சிவாயம்."

பரசுராமன் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு நிறுத்தினார். "சாமி, பெஞ்சுல ஒக்கார்றவரு ஒருத்தர் அந்தப் பொம்பளையோட மூத்தாராச்சே. சக்ரவர்த்தி நயினாரு."

"அவருக்கு வயல் எங்கே இருக்கு?"

"கால்வாய்க் கடைசியில. தண்ணி போய்ச் சேரதுக்குள்ள பயிர் காஞ்சிடும். வருஷா வருஷம் என்கிட்ட வந்து அழுவாரு."

"அப்புறம் என்ன யோசனை?"

பரசுராமன் அன்று சாயங்காலமே திருப்பருத்திக்குன்றம் போனார். சக்ரவர்த்தி நயினார் எதையும் கேட்டு வாங்கவில்லை. கௌரவமான மனிதர். "தண்ணி வுடறப்ப நம்ம வயலு முதல் முறையில வந்தா நல்லா இருக்கும்" என்று மட்டும் சொன்னார். தாரா அப்போது கொட்டகையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான்.

ஆடிக் கடைசி நாள். தாரா வந்தபோது கட்டடத்தின் கதவுகள் திறந்திருந்தன. ஒருவன் வவ்வால் எச்சத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான். காபி கிளப்பிலிருந்து நாற்காலிகள் வந்திறங்கின. நமச்சிவாயத்தின் பெட்டியைக் கூடத்தின் நடுவில் போட்டு, மேலே பச்சைத் துணி விரித்து மேஜையாக்கியிருந்தார்கள்.

போர்டுக்காரர்கள் ஒரு நாள் முன்னதாகவே குடி வருகிறார்கள் என்று அவள் நினைத்தாள். அதனால் தனக்கு நஷ்டமில்லை, அவர்கள் வந்தாலும் விசாரணை நடக்கவில்லையே என்று தைரியமாக நின்றாள். அப்புறம் ரிடையரான போஸ்ட்மாஸ்டர் உமாபதி தலைப்பாகையோடு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் சக்ரவர்த்தி நயினார் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சேவகன் வெளியே வந்து அவள் பெயரைச் சொல்லி மூன்று முறை கூவினான்.

அப்போதுதான் விளங்கியது. படியை விட்டு இறங்கித் தெருவைப் பார்த்து ஓடினாள். காத்திருந்த கான்ஸ்டபிள் கொண்டையைப் பிடித்து இழுத்து வந்தான். வாசலில் கதவு நிலையைக் கட்டிக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே தள்ளினான்.

"மாமா, இங்க வேணாம் மாமா. சத்திரத்துல வெச்சி விசாரிங்க. நாளைக்கு விசாரிங்க."

"கோர்ட்டுல மாமா கீமாவெல்லாம் கிடையாது" என்றார் சக்ரவர்த்தி.

குற்றத்தைப் படித்தார்கள். சர்க்கார் கட்டடத்தின் சுவரைச் சுரண்டிச் சேதப்படுத்தியது. தாராவின் கண்கள் அலைந்தன. சட்டென்று ஒன்று பிடிபட்டது. ஒத்துக்கொண்டுவிட்டால் விசாரிக்க ஒன்றும் இருக்காது.

"ஆமா, சுரண்டினேன். ஒத்துக்கிறேன். ஜெயிலுக்கு அனுப்புங்க. இப்பவே அனுப்புங்க. விசாரிக்க ஒண்ணும் இல்ல."

உமாபதி பேனாவை எடுத்தார். "ஒத்துக்கிச்சே, எழுதிடலாமா?"

வக்கீல் மெல்ல இருமினார். சக்ரவர்த்தி கையை உயர்த்தினார்.

"இவ பயத்துல பேசறா. படிக்காத பொம்பளை. ஒத்துக்கினாளேன்னு விசாரிக்காம தண்டிச்சா அது நியாயமா? சாட்சியக் கூப்பிடு."

"நான் பயத்துல சொல்லல மாமா. நான்தான் சுரண்டினேன். இதோ பாருங்க வெரலு." காயம் ஆறாத விரல்களை நீட்டினாள்.

"சத்தம் போடாத" என்று கான்ஸ்டபிள் அந்தக் கையை மடக்கிப் பிடித்தான்.

நமச்சிவாயம் வந்து பிரமாணம் செய்தான். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னான். எந்தக் கையால் சுரண்டினாள் என்று கேட்டார்கள். வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார்கள். எல்லோரும் வாசலுக்குப் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவசரமே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் தாரா "ஒத்துக்கிறேன், ஒத்துக்கிறேன்" என்று கத்தினாள். தொண்டை கட்டிப்போய் வெறும் காற்று வந்தது. உமாபதி தூங்கிவிட்டார்.

"நீ ஏதாச்சும் கேக்கணுமா சாட்சிய?" என்று சக்ரவர்த்தி அவளைக் கேட்டார்.

அவள் நமச்சிவாயத்தைப் பார்த்தாள். "நீ இங்க சாட்சி சொல்லவே இல்லைன்னு சொல்லுய்யா. உன் கால்ல வுழறேன். வராந்தாவ நீயே வெச்சிக்க. வாடகை கூட வேணாம்."

"வராந்தா எனுக்கு எப்பவும் உண்டுன்னு பிரசிடெண்டு ஐயா சொல்லிட்டாரும்மா" என்றான் நமச்சிவாயம். கூடத்தில் சிரித்தார்கள். சக்ரவர்த்தி சிரிக்கவில்லை. அமைதியாக இருக்கும்படி எல்லோரையும் எச்சரித்தார்.

பொழுது இறங்கும் வேளையில் தீர்ப்பு எழுதி வாசித்தார். இந்தப் பெண் தன் பாட்டனார் பெயரைப் பார்க்கும் ஆசையில் சுண்ணாம்பை நீக்கியிருக்கிறாள். கெட்ட எண்ணம் எதுவும் நிரூபணமாகவில்லை. முறைப்படி விசாரித்ததில் இவள் நிரபராதி என்று பெஞ்சு காண்கிறது.

தாரா கீழே உட்கார்ந்துவிட்டாள். கான்ஸ்டபிள் கையை விட்டான்.

வெளியே பரசுராமன் வக்கீலைப் பிடித்துக்கொண்டார். "ஏன் சாமி வுட்டுட்டாரு? ரெண்டு நாள் உள்ள போட்டிருந்தா புத்தி வந்திருக்குமே?"

"தண்டிச்சா அவ அப்பீல் போவா. மேலே இருக்கறவன், பெஞ்சு இங்கே ஏன் வந்து உக்காந்ததுன்னு கேப்பான். நிரபராதின்னா எதை எதுத்து அப்பீல் போறது? விசாரணையும் ஆச்சு, நல்ல பேரும் ஆச்சு."

"பாவம், உங்களாலதான் அது ஜெயிலுக்குப் போவாம தப்பிச்சிது" என்று பரசுராமன் சிரித்தார். கொத்தனாரைக் கூப்பிட்டு, காலைக்குள் சுவரைப் பூசி வெள்ளையடிக்கச் சொன்னார்.

நாற்காலிகளைக் காபி கிளப்புக்காரன் எடுத்துப் போனான். கூட்டுகிறவன் வந்து தாராவை எழுந்திருக்கச் சொன்னான். அவள் காதில் விழவில்லை. துடைப்பத்தால் முழங்காலில் தட்டினான். எழுந்தாள்.

வாசலில் சக்ரவர்த்தி வில்வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"எனுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் மாமா."

"உன்னை நிரபராதின்னு என் கையால எழுதியிருக்கிறேன். வேற எவன் எழுதுவான்?" என்றார். ஒருதரம் வானத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் சமண வீட்டில் விளக்கு வைத்த பிறகு யாரும் சாப்பிட மாட்டார்கள். "ஓட்டுடா, நேரமாயிட்டுது" என்றார் வண்டிக்காரனிடம். வண்டியில் இடம் இருந்தது.

அவள் நடந்து போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. சக்ரவர்த்தி சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி ஜெயலக்ஷ்மி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பொழுதோட வரக் கூடாதா? உன் சோத்த எடுத்து மாட்டுக்குப் போட்டுட்டேன்."

தாரா தூணோரம் நின்றாள்.

"கோர்ட்டுல குத்தம் இல்லைன்னுட்டாங்களாமே. அப்புறம் ஏன்டி மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு நிக்கிற? செவலைக்கு இன்னும் தண்ணி காட்டல. போ."

தாரா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனாள். தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்து வைத்தாள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வயிறு நிறைந்திருந்தது போலும். அவள் வாளியைக் கையில் பிடித்தபடி, அது குடிக்கட்டும் என்று நின்றாள்.