பதினாலு வருஷமாகத் தொடாத எழுத்துரு

மாப்பிள்ளை நீட்டிய காகிதக் கட்டைப் பார்த்ததுமே அச்சகத்தில் தட்டச்சு செய்யும் எழுத்தக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. இருபத்திரண்டு பக்கம். மேலே கொட்டை எழுத்தில் 'உபயோகத்தில் இல்லாதவை' என்று தலைப்பு வேறு. அச்சகத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்துருக்களில், கடந்த ஒரு வருடமாக யாரும் தொடாதவை ஆயிரத்து இருநூற்று அறுபதாம்.

"அக்கா, காலையில புரோகிராம் திறக்கப் பதினோரு நிமிஷம் ஆகுது. வாட்ச் வச்சுப் பாத்தேன். அத்தனை ஃபான்டையும் ஒண்ணொண்ணா ஏத்திக்கிட்டு வருது, பாவம். வேணுங்கிறதை மட்டும் டிக் பண்ணிக் குடுங்க. ஒரு இருபது இருக்கட்டும். மிச்சத்தை எடுத்துடலாம்."

கம்ப்யூட்டருக்குப் பாவம் பார்க்கிறாராம்! அதன் முன்னால் பத்தொன்பது வருடமாக முதுகு ஒடியத் தட்டச்சு செய்கிறவளின் நாற்காலிக்கு ஒரு கை இல்லாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. அது இந்த மனுஷன் கண்ணில் படவில்லை.

முதலாளிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி வீட்டோடு இருப்பதால், மூன்று மாதமாக அவருடைய மகளின் கணவர்தான் அச்சகத்தைப் பார்த்துக்கொள்கிறார். முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'மாப்பிள்ளை'. கெட்டவர் இல்லை, குரல் உயர்த்திப் பேச மாட்டார். ஆனால் இதற்கு முன்னால் ஒரு பெரிய கிடங்கில் மேனேஜராக இருந்தவர். அங்கே ஒரு வருடம் நகராத பெட்டி என்றால் வெளியே தூக்கிப் போட வேண்டும். அந்தக் கண்ணோடுதான் இங்கேயும் வந்து நின்றார்.

"பென் டிரைவ்ல போட்டு வச்சுக்கலாமேக்கா" என்று தணிவாகச் சொல்லிப் பார்த்தார்.

"போன தடவை சிடியில போட்டு வைக்கச் சொன்னாங்க, சார். போட்டேன். இப்ப அந்த சிடியைச் சொருக உங்க கம்ப்யூட்டர்ல ஓட்டையே இல்லை."

அவர் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

எழுத்தக்காவின் பேரில் தப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எழுத்துருவின் சொந்தப் பெயர் அவளுக்கு ஒருநாளும் நினைவில் நிற்காது. அதனால் யாருக்காக முதலில் பயன்படுத்தினாளோ அவர்கள் பெயரையே அதற்கு மாற்றி வைத்துவிடுவாள். 'பேக்கரி', 'பல் டாக்டர்', 'சண்டைக்காரப் பெரியப்பா', 'மூணு கல்யாணம்' என்று பட்டியல் போகும். காலையில் புரோகிராம் திறக்கும்போது இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையின் அடியில் ஓடும். பதினோரு நிமிடமும் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்த்திருப்பாள்.

நியாயமாகத்தான் ஆரம்பித்தாள். பனி உறைந்த எழுத்து, எலும்பில் செய்த எழுத்து, எழுத்துக்கு எழுத்து ரோஜாப்பூ வைத்த எழுத்து என்று எவனோ ஓசியில் கொடுத்து வந்து ஏறியவற்றையெல்லாம் தயவு தாட்சண்யமில்லாமல் அடித்தாள். ஆனால் பத்தொன்பதாம் பக்கத்தில் 'டீச்சரம்மா' என்று இருந்தது. எதிரே, கடைசியாகப் பயன்படுத்திப் பதினாலு வருடம் என்று போட்டிருந்தது. ஆத்திரத்தில் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு டிக் போட்டாள்.

பதினாலு வருடத்துக்கு முன்னால், கணவரைப் புதைத்த மறுவாரம் டீச்சரம்மா வந்தார். கல்லறைக் கல்லுக்கு எழுத்து வேண்டும். இங்கே அச்சடித்துக் கொடுக்கும் தாளைக் கல்லில் ஒட்டி, கோட்டின் மேலேயே கொத்துவார்கள். நாற்பது எழுத்துரு பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கல்லில் இடது பாதியில் கணவர் பெயர். வலது பாதி காலி.

"அது எனக்கு. இதே எழுத்துதான் வேணும். பக்கத்துல பக்கத்துல இருக்கிறப்ப ஒரே மாதிரி இருக்கணும். அதுவரைக்கும் இது இருக்குமாம்மா?"

"நான் இருக்கேனோ இல்லையோ, எழுத்து இருக்கும், டீச்சரம்மா" என்று அன்றைக்கு வாக்குக் கொடுத்தாள். அந்த எழுத்துருவை உருவாக்கி விற்றவர் கடையைக் கட்டிவிட்டார். வேறெங்கு தேடினாலும் கிடைக்காது.

ஏன் பயன்படுத்தவில்லையாம்? அந்த அம்மாள் உயிரோடு இருப்பதால்!

இருநூற்றுச் சொச்சம் டிக் போட்டுக் கட்டைத் திருப்பிக் கொடுத்தாள். மாப்பிள்ளை புரட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இவ்வளவுமா?"

"ஒவ்வொண்ணுக்கும் ஆள் இருக்கு, சார்."

"அப்ப அந்த ஆளையே கேட்டுடலாம்."

"கேட்டுக்குங்க, போங்க!" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். கேட்கவா போகிறார் என்ற நினைப்பு. அந்த நேரத்தில் விஷயத்தை இரண்டு வார்த்தையில் விளக்கியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

அரைமணி கழித்து இறங்கி வந்தபோது, மேஜைமேல் பழைய ஆர்டர் புத்தகம் திறந்து கிடந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாப்பிள்ளை குழைவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"வணக்கம்மா, அச்சகத்துல இருந்து பேசறோம். உங்க பேர்ல ஒரு ஃபான்ட் பதினாலு வருஷமா சும்மா கிடக்கு. இன்னும் தேவைப்படுமா, இல்ல எடுத்துடலாமா?"

எழுத்தக்கா ஓடி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. வயதான, நிதானமான குரல்.

"எங்க வீட்டுக்காரர் கல்லுல இருக்கே, அந்த எழுத்தா தம்பி?"

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை.

"அதை உபயோகிக்க எனக்கு இன்னும் வேளை வரலை. தாமதத்துக்கு மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி டீச்சரம்மா போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எழுத்தக்கா, மாப்பிள்ளையை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "உங்க மாமியார்கிட்ட கேப்பீங்களா இப்படி? இன்னும் எத்தனை நாள் இருப்பீங்கன்னு போன் போட்டுக் கேக்கறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஒரு சாக்கா?" மேலே அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை, "எனக்குத் தெரியாதுக்கா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். தெரியாததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

மறுநாள் கதவைத் திறக்கும்போதே டீச்சரம்மா வாசலில் நின்றிருந்தார். கைத்தடி, இஸ்திரி போட்ட புடவை, மடித்த குடை. யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். டீச்சரம்மா அதைத் தொடவில்லை. கை உடைந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புரோகிராம் திறக்கும்வரை பதினோரு நிமிடமும் திரையையே பார்த்திருந்தார்.

"என் பேரைத் தட்டும்மா. கல்லு அளவுக்கு. தாள்ல எடுத்துக் குடு, நானே வச்சுக்கறேன். உங்களை நம்பி என்னால கண்ணை மூட முடியாது."

தன்னையும் சேர்த்துச் சொன்ன அந்த 'உங்களை' எழுத்தக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. பெயரைத் தட்டினாள். தாள் வந்தது. டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"பேர் ஆச்சு தம்பி. தேதி மட்டும்தான் பாக்கி. நீங்களே சொல்லுங்க, எந்தத் தேதி போட்டா உங்களுக்குச் சௌகரியம்?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எழுத்தக்காவுக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது, ஒரே ஒரு நொடி.

அவள் எழுந்து டீச்சரம்மா கையிலிருந்து தாளை வாங்கினாள்.

"இதைக் குடுங்க. அரைகுறை வேலையை நான் வெளியே அனுப்பறதில்லை. இன்னும் பத்து வருஷம் கழிச்சுச் சொல்லி அனுப்புங்க, தேதியோட சேத்துத் தரேன். எழுத்து இருக்கும்."

டீச்சரம்மா அவளையே பார்த்தார். இறுகியிருந்த முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"பத்தா? மூட்டு வலிக்குதும்மா. ஆறு போதும்" என்றார். பிறகு அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

டீச்சரம்மா போனதும் மாப்பிள்ளை காகிதக் கட்டை எடுத்து, தலைப்பு இருந்த முதல் பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். எழுத்தக்கா ரோஜாப்பூ, எலும்பு என்று ஆயிரத்துக்கு மேல் எழுத்துருக்களைத் தன் கையாலேயே நீக்கினாள். இப்போது புரோகிராம் திறக்க நாலு நிமிடம்தான். புது நாற்காலியும் வந்துவிட்டது.

காலையில் டீயோடு உட்கார்ந்து திரையின் அடியைப் பார்க்கிறாள். 'பேக்கரி' ஓடுகிறது, 'பல் டாக்டர்' ஓடுகிறது, 'டீச்சரம்மா' ஓடுகிறது. அதைத் தொடாமலே இன்னொரு நாள் வேலையை ஆரம்பிக்கிறாள்.