ஐந்தாவது கையெழுத்து

"நாளைக்கு நீங்க வர வேணாம் சார்" என்றார் சின்னச்சாமி வாத்தியார், சேரிக் குடிசையின் வாசலுக்கு வெளியே நின்றபடி. கண்ணுச்சாமி வாத்தியாரின் மனைவி ஒச்சாயி நீட்டிய தண்ணீர்ச் சொம்பு அவர் கண்ணில் படவே இல்லை. "பேச்சுவார்த்தை போர்டு பிரசிடெண்டு வீட்டுல. ஒங்கள உள்ள விடமாட்டாக. எதுக்கு மனவருத்தம்?"

விலைவாசி ஏற்றத்துக்கு ஈடாகப் பஞ்சப்படி கேட்டு ஜில்லா போர்டுப் பள்ளி வாத்தியார்கள் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதமாகிறது. அவர்கள் சார்பில் பேசச் சங்கம் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஐவரும் கையெழுத்திட்டால்தான் உடன்படிக்கை செல்லும். யாரையும் தனியாகக் கூப்பிட்டு வளைத்துவிடக் கூடாதென்று அந்த விதியைக் கொண்டுவந்தவரே கண்ணுச்சாமிதான். அன்று எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டுவதில் தீட்டு இல்லை.

"நானும் வாரேன் சார்" என்றார் கண்ணுச்சாமி அலுப்போடு.

மறுநாள் திருமங்கலத்தில் பிரசிடெண்டு வீட்டுக் கூடத்தில் நான்கு நாற்காலிகள் கிடந்தன. கண்ணுச்சாமியை மட்டும் வேலையாள் மாட்டுத்தொழுவத்தில் நிற்கச் சொன்னான். சின்னச்சாமி உள்ளிட்ட மற்ற நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்துவிட்டார்கள். பாவம், அவர்கள் வீட்டிலும் அரைப்பட்டினிதான்.

உச்சி வெயிலில் சின்னச்சாமி உடன்படிக்கைத் தாளோடு தொழுவத்துக்கு ஓடிவந்தார். "கேட்டது அம்புட்டும் கெடச்சிருச்சு சார். ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நான் எங்க சார் பேச்சுவார்த்தைக்கு வந்தேன்? தொழுவத்துலல்ல நின்னேன்."

"ஒங்க வீட்டயாவது நெனச்சுப் பாருங்க."

"நெனச்சுத்தான் சொல்றேன். இன்னொரு நாற்காலி போடச் சொல்லுங்க. ஒக்காந்து போடுறேன்."

நாற்காலி வரவில்லை. கண்ணுச்சாமி வீட்டுக்கு நடந்தார். நடந்ததைக் கேட்ட ஒச்சாயிக்குக் கோபம் பொங்கியது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. இருந்த கூழைக் கரைத்து அவருக்கு ஊற்றினாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சின்னச்சாமி மறுபடி வாசலில் வந்து நின்றார். "சங்கம் கூடி விதிய மாத்திருச்சு சார். இனி நாலு கையெழுத்தே போதும். பஞ்சப்படி ஒங்களுக்கும் உண்டு."

"வாங்கிக்கிறேன் சார். நானும் ஸ்ட்ரைக்குல பட்டினி கெடந்தவன்தானே."

"நாளைக்கு வெற்றிக் கூட்டம்." சின்னச்சாமி தொண்டையைச் செருமினார். "ஒற்றுமையப் பத்தி நீங்கதான் பேசணும்னு எல்லாரும் பிரியப்படுறாக."

"அதயும் நாலு பேராவே பேசிருங்க சார்."

ஒச்சாயி தண்ணீர்ச் சொம்பை இந்த முறை நீட்டவில்லை; எடுத்து உள்ளே வைத்தாள்.