துண்டுக்கு அடியில் எத்தனை பேர்

1

இந்தக் கதை ஆசையில் பிறந்ததல்ல. அய்யம்மாள் மதினி கேட்ட ஒரு கேள்வியில் பிறந்தது. சாணார்பட்டி ஆட்டுத் தரகர் மலைச்சாமியின் மனைவி அவர். திண்டுக்கல்லில் எங்கள் பாத்திரக் கடை வாசலில் நின்று கேட்டார்:

“தம்பி, நீங்களும்தான கூடப் போனீக. ஞாயித்துக்கிழமை எத்தனை பேரு வாராக? நான் எம்புட்டுப் பெரிய அண்டா எடுக்க?”

எனக்குத் தெரியவில்லை. கதையாக எழுதினால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். (எழுதுகிறவர்கள் இப்படித்தான் நினைப்பார்கள். அண்டா விற்கிறவர்கள் நினைக்க மாட்டார்கள். நான் இரண்டும் செய்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: “ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், வெண்பனி போர்த்திய அந்தச் சிற்றூரில்...”

நிறுத்தினேன். நாங்கள் போனது ஜூலையில். வெயில் கன்னிவாடியை நினைவூட்டியது.

இரண்டாம் தொடக்கம்: “பண்பாட்டுப் பரிமாற்றம் என்பது யாதெனில்...”

யாதெனிலுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஆகவே நடந்ததையே சொல்லிவிடுகிறேன். ஸ்லோவேனியாவில் ஒரு சிற்றூர்* எங்கள் ஒயிலாட்டக் குழுவை விழாவுக்கு அழைத்திருந்தது. மலைச்சாமி அண்ணன் ஆடப் போனார். நான் ஆங்கிலம் பேசப் போனேன். அங்கே கேக் விற்ற பெண்மணிக்கே என்னைவிட நன்றாக ஆங்கிலம் வந்தது. இந்த வரியை அண்ணனிடம் படித்துக் காட்டவில்லை.

(* ஊர்ப் பெயரை எழுதிப் பார்த்தேன். மெய்யெழுத்துகள் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கின்றன. நடுவில் ஓர் உயிரெழுத்தைச் சொருகினால்தான் நம் வாய்க்குள் நுழையும். சொருக எனக்கு உரிமையில்லை.)

3

ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர் மேயரம்மா மேடையேறி, “அடுத்த ஆண்டு எங்கள் வாத்தியக் குழு உங்கள் ஊருக்கு வரும்” என்றார். (முதல் வரைவில் மேயரை ஆணாக்கியிருந்தேன், அண்ணன் வீட்டு நிம்மதிக்காக. அதற்குள் புகைப்படம் வாட்ஸப்பில் சாணார்பட்டி முழுக்கச் சுற்றிவிட்டது.)

“எத்தனை பேருன்னு கேளுங்க தம்பி” என்றார் அண்ணன்.

கேட்டேன். “பேசி முடித்துக்கொள்ளலாம்” என்றார் மேயரம்மா.

ஒரு தரகரிடம் சொல்லக் கூடாத வாக்கியம் அது. அண்ணன் கையிலிருந்த ஆட்டத் துண்டை விரித்து மேயரம்மாவின் கைமேல் போர்த்தித் தன் கையை உள்ளே விட்டார். ஆட்டுச் சந்தையில் விலை இப்படித்தான் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை முழுதாகப் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இதுவும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து ஊரே கைதட்டியது. மேயரம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். துண்டு அசைந்தது.

கதாசிரியனுக்கு எல்லாம் தெரியும் என்பார்கள். துண்டுக்கு அடியில் தெரியாது.

“முடிஞ்சது” என்றார் அண்ணன்.

“என்ன முடிஞ்சது?”

“அஞ்சு. அந்தம்மா கைய முழுசாப் பிடிச்சிருச்சு.”

“அண்ணே, அது கை குலுக்குறது. இங்க எல்லாரும் அப்படித்தான் பிடிப்பாக.”

“குலுக்குனா விட்ருவாக. இந்தம்மா அழுத்துச்சு.”

“சரி. அஞ்சா, அம்பதா?”

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சந்தையில் ஆட்டைப் பார்த்தாலே நூறா ஆயிரமா என்பது இரண்டு கைக்கும் புரிந்துவிடும். வாத்தியக் குழுவை அவர் பார்த்ததில்லை.

4

கடிதம் போட்டுக் கேட்கலாமே என்பீர்கள். சொன்ன ஆண்டு வந்ததும் அவர்களே மின்னஞ்சல் போட்டார்கள்: “திரு. மலைச்சாமியிடம் பேசி முடித்தபடி ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்கு வருகிறோம்.” அவ்வளவுதான். திருப்பிக் கேட்க அண்ணன் விடவில்லை.

“துண்டுல முடிச்சத வாயால கேட்டா பேச்சு முறிஞ்சு போகும். பெறகு எவன் ஏங் கையில கை வைப்பான்?”

போட்டித் தரகர் கருப்பணன் டீக்கடையில் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்: “மலைச்சாமி வெள்ளைக்காரிகிட்ட வெறுங்கையப் பிடிச்சுட்டு வந்திருக்கான். ஒருத்தரும் வர மாட்டாக, பாருங்க.” ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பிசகினால், அடுத்த சந்தையிலிருந்து அண்ணனின் துண்டு முகம் துடைக்கத்தான் ஆகும்.

5

கதையின் முடிவை அண்ணனிடமே பேசிப் பார்த்தேன்.

“அம்பதுன்னு போடுங்க தம்பி.”

“ஏழு.”

“நாப்பது. வாசிக்கிறவுக சந்தோசப்படுவாக.”

“பன்னெண்டு. அதுக்கு மேல நம்ப மாட்டாக.”

மதினி உள்ளேயிருந்து வந்தார். “கதையில யாரு வேணாலும் சாப்பிடாமப் போகலாம். என் வீட்ல முடியாது. அஞ்சுக்கு ஆக்கி அம்பது வந்தா மானம் போகும். அம்பதுக்கு ஆக்கி அஞ்சு வந்தா கருப்பண அண்ணன் சிரிப்பாரு. ரெண்டு பேரும் பேரம் பேசுறீகளே, அரிசிய யாரு களைவா?”

யாருமே வராத முடிவு ஒன்றும் எழுதினேன். விரித்த இலைகள் வெயிலில் சுருள்கின்றன, அண்ணன் தெருமுனையையே பார்த்துக்கொண்டு... மிக அழகாக வந்தது. பரிசுகூடக் கிடைக்கலாம். மதினியை நினைத்து அந்த முடிவை அடித்துவிட்டேன்.

6

சனிக்கிழமை, அண்ணன் ஆடு பிடிக்கப் போயிருந்தார். மதினி கொடியிலிருந்து அந்த ஆட்டத் துண்டை எடுத்து வந்தார்.

“கைய நீட்டுங்க தம்பி.”

“மதினி, அண்ணன் பாத்தா?”

“அவுக மட்டும் மேயரு கையப் பிடிக்கலாமாக்கும்?”

ஒற்றைக் கணக்கா, பத்துக் கணக்கா என்பதை முதலில் என் காதோடு சொன்னார். கணவர் மறந்ததை மனைவி மறக்கவில்லை. பிறகு துண்டுக்குள் அழுத்தினார்.

“இம்புட்டுப் பேருக்கு ஆக்குறேன். வாரவுக கம்மின்னா மிச்சத்துக்கும் ஆள் சொல்லியாச்சு.”

“யாரு?”

“கருப்பண அண்ணன் வீட்டுல அத்தனை பேரும். தின்ன வாயி எப்படிச் சிரிக்கும்?”

7

ஞாயிறு மதியம். வாசலில் மலைச்சாமி அண்ணன், தோளில் துண்டு. அவருக்குப் பக்கத்தில், பசியோடு, கருப்பணன். தெருமுனையில் ஒரு வண்டி திரும்புகிறது. கிளம்பிய தூசியில் அது காரா பஸ்ஸா என்று தெரியவில்லை. கதவு திறக்கிறது.

எத்தனை பேர் இறங்குகிறார்கள்? நான் பாத்திரக் கடையில் வளர்ந்தவன். முதலில் விலை சொல்கிறவன் தோற்பான். நீங்கள் சொல்லுங்கள். வாயால் வேண்டாம், பேச்சு முறிந்துவிடும். இந்தப் பக்கத்தை எடுத்துக் கைமேல் போர்த்திக்கொள்ளுங்கள்.

ம். பிடியுங்கள்.