மூன்று கைகள்

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை மாலை, நாமக்கல்லில் ஒரு டயர் கடையின் மாடியறையில் வாசகர் வட்டக் கூட்டம் நடந்தது. பதினான்கு பேர் வந்திருந்தார்கள்.

வட்டத்தை நடத்தும் அருணகிரி ஒரு விதி வைத்திருந்தார். கதை கொண்டுவருபவர் முதல் வரியை மட்டும் வாசித்து நிறுத்த வேண்டும். மூன்று பேராவது கை தூக்கினால் மேலே வாசிக்கலாம். இல்லையென்றால் உட்கார்ந்துவிட வேண்டும். புத்தகக் கடையில் நிற்பவன் யாரும் இரண்டாவது வரிக்குக் காத்திருப்பதில்லை என்பார்.

எருமப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் சௌந்திரம் அதுவரை மூன்று கூட்டங்களில் அப்படி உட்கார்ந்திருந்தார். ஒருமுறை விடியலில் தொடங்கினார், அப்புறம் மழையில், அப்புறம் வேப்பமரத்தில். கதை ஒன்றுதான். லாரி ஓட்டிய கணவர் இறந்தபின் ஒருத்தி அந்த வீட்டில் எப்படி இருக்கிறாள் என்பது. ஓசூரில் இருக்கும் மகளுக்குப் போனில் வாசிக்கத் தொடங்கியபோது, குக்கர் விசிலடிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று அவள் வைத்துவிட்டாள். யாராவது ஒருவர் கடைசிப் பக்கம்வரை கேட்டால் போதும் என்றிருந்தது சௌந்திரத்துக்கு.

சௌந்திரத்தின் கணவரும் லாரி ஓட்டியவர்தான். போன் செய்தால் முதலில் ஊர்ப் பெயரைத்தான் சொல்வார். லாரிக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். சௌந்திரம் இந்த முறை அதிலிருந்து தொடங்கினார்.

“‘நாக்பூர் தாண்டிட்டேன்’ என்று போனில் சொன்னவர் அதற்கப்புறம் பேசவே இல்லை.”

அறையில் பாதிப் பேர் லாரிக் குடும்பத்தார். யாருக்கும் கை தூக்கத் தோன்றவில்லை. எந்த ஆபீஸ் வண்டி, என்ன லோடு, கூட கிளீனர் போனாரா என்று கேட்டார்கள். ஜோதி என்ற பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் நாச்சிமுத்து, நாக்பூரில் தெரிந்தவரைப் போனில் கூப்பிட்டேவிட்டார்.

இது கதை என்று சௌந்திரம் இரண்டு முறை சொன்னார்.

“கதையாட்டத்தான் சொல்ல வரும்ங்க. வண்டி நெம்பரச் சொல்லுங்க” என்றார் நாச்சிமுத்து.

“அவரு ஊட்லதானுங்க செத்தாரு. மஞ்சக்காமாலைங்க.”

நாச்சிமுத்து போனைக் காதிலிருந்து எடுத்து அணைத்தார். “செத்தவர எதுக்குங்க நாக்பூருக்கு அனுப்புனீங்க?”

“ஊட்ல செத்தாருன்னு எழுதியிருந்தா கையத் தூக்கியிருப்பீங்களா?”

மேலே வாசியுங்கள் என்றார் அருணகிரி. அதற்குள் ஒருவர், வண்டியோடு போய்த் திரும்பாத தன் பெரியப்பாவைப் பற்றித் தொடங்கியிருந்தார். இன்னொருவர் தன் தெருவில் நடந்ததைச் சொன்னார். கடை மூடும் நேரம்வரை அந்தப் பேச்சே ஓடியது. சௌந்திரம் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு வந்தபோது புதிய வரி எழுதிவந்திருந்தார். எழுந்து வாசித்தார்.

“என் கணவர் வீட்டில்தான் இறந்தார்.”

நாச்சிமுத்து கை தூக்கினார். ஜோதியும் தூக்கினார். அருணகிரி மூன்றாவது கையைத் தேடி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

சௌந்திரம் உட்கார்ந்தார். அடுத்து, தம்மம்பட்டியிலிருந்து வந்திருந்த சபரிநாதன் எழுந்தார்.