எல்லையம்மாளின் முதல் கையெழுத்து

நாள் குறித்தவர்கள் யாரும் வயலில் கால் வைத்தவர்களாக இருக்க முடியாது. ஆற்றில் தண்ணீர் வந்து, ஊரே குறுவை நடவில் குனிந்து கிடக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து எழுத்தறிவுத் தேர்வை வைத்தார்கள். நான் சந்திரலேகா, எங்கள் ஊர் முதியோர் வகுப்பின் தன்னார்வலர். என்னிடம் படித்தவர்கள் இருபது பேர். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நானும் இருபது வினாத்தாளும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

ஒன்றியப் பொறுப்பாளர் ராஜசேகர் சாருக்குப் போன் போட்டேன்.

"வேற நாள் கேக்கலாமா சார்?"

"விளையாடுறீங்களா? ஆகஸ்டுக்குள்ள நூறு சதவீதம்னு மேடையில சொல்லியாச்சும்மா. சாயங்காலம் இருபது பேப்பரும் வந்தாகணும். எப்படின்னு என்னைக் கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை. அதுதான் என் லட்சணம். நானே உட்கார்ந்து இருபதையும் எழுதினேன். கையெழுத்து ஒன்றுபோல் இருக்கக் கூடாதென்று சிலவற்றை இடது கையால் எழுதினேன். பார்ப்பவர்கள் நம்பட்டும் என்று அங்கங்கே பிழையும் போட்டேன். திருட்டு வேலையிலும் என்ன ஒரு பொறுப்பு!

கடைசித் தாளை மடிக்கும்போது எல்லையம்மாள் அக்கா ஓடிவந்தார். முழங்கால் வரை சேறு. அவர் எங்கள் வார்டு மெம்பர். ஊராட்சித் தலைவர் நீட்டிய தீர்மானம் ஒன்றில் முன்பு கைநாட்டு வைத்தார். அவர் தெருவுக்கு விளக்குப் போட்டாயிற்று என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. தெரு இன்னும் இருட்டுதான். படிக்காமல் இனி எதிலும் கை வைப்பதில்லை என்று, ஐம்பத்திரண்டு வயதில் என் வகுப்புக்கு வந்தார்.

"நடவைப் பாதியில விட்டுட்டு ஓடியாறேன் டீச்சர். பரீட்சை முடிஞ்சிருச்சா?"

"உங்களுக்குப் பாஸ் போட்டாச்சுக்கா."

"எழுதாமயேவா? அவ்வளவு நல்லாவா படிச்சேன்?"

அவர் முகம் மலர்ந்தது. நான் தாள்களைப் பைக்குள் திணித்தேன். அதன் பிறகும் அவர் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து, கிராம சபை. தலைவர் பஞ்சநதம் தீர்மானப் புத்தகத்தை நீட்டினார், மைப்பெட்டியையும் சேர்த்து. அக்கா மைப்பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, விரலை ஓட்டி எழுத்துக் கூட்டத் தொடங்கினார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். கொம்பு போட்ட எழுத்துகளை நான் இன்னும் சொல்லித்தரவில்லை.

"சீக்கிரம் ஆகட்டும்மா, மிட்டாய் குடுக்கணும்ல" என்றார் தலைவர்.

அக்கா புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். "நீங்க படிச்சுச் சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா சரி."

இரண்டே வரி. ஊராட்சியில் அனைவரும் எழுத்தறிவு பெற்றுவிட்டனர் என்பது முதல் வரி. எனவே முதியோர் வகுப்பை மூடிவிடலாம் என்பது இரண்டாவது. சபைக்கு வந்திருந்த ராஜசேகர் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதையும் படித்தால் அக்கா விடமாட்டார். எனக்கு எப்போது பரீட்சை வைத்தீர்கள் என்று சபையிலேயே கேட்பார். இருபது தாளும் வெளியே வரும்.

"எல்லாரும் படிச்சிட்டோம்னு எழுதியிருக்குக்கா" என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, அக்கா தன் பெயரை எழுதினார். கூட்டம் கைதட்டியது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நானும் தட்டினேன்.

தனக்குக் கொடுத்த மிட்டாயை என் கையில் திணித்துவிட்டு அக்கா கேட்டார்: "திங்கக்கெழம கொம்பு எழுத்துதானே டீச்சர்?"